ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு படிப்புப் பயணம்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய நினைவுகளைப் பற்றிப் பேசும்படிதான் செயலாளர் என்னைக் கேட்டார். நினைவுகளைச் சொல்ல இன்று பலர் இருக்கிறீர்கள். அந்தப் பொறுப்பை உங்களிடமே விட்டுவிடுகிறேன். கண்டி மாவட்டத்தின் நகரப் பாடசாலைகளிலும் தோட்டப் பாடசாலைகளிலுமாக முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்தவள் நான். அந்த அனுபவத்திலிருந்து ஒரு வேண்டுகோளைக் கொண்டுவந்திருக்கிறேன். அது மாணவியரின் படிப்புப் பயணம் பற்றியது. வேண்டுகோளைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சத் தூரம் என்னோடு நடந்து வாருங்கள்.

முதலில் இத்தாலிக்குப் போவோம். படிப்புக்காக ஊர் சுற்றுவதற்கு உலகத்தில் பேர்போன நாடு அது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ஓர் ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அல்ப்ஸ் மலையைக் கடந்து, வெனிஸ், புளோரன்ஸ், உரோம், நேப்பிள்ஸ் என்று மாதக்கணக்கில் சுற்றினார்கள். போனவர்களில் பெரும்பாலானோர் ஆண்பிள்ளைகள். போனவர்கள் எல்லோரும் படித்துக்கொண்டு வந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சூதாடிப் பணத்தைத் தொலைத்தவர்களும் உண்டு; சிலைகளையும் படங்களையும் வாங்கிப் பெட்டியில் கட்டியதோடு திருப்திப்பட்டவர்களும் உண்டு.

படித்துக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். ஜேர்மன் கவிஞர் கோத்தே 1786இல் இத்தாலிக்குப் போனார். வழியில் பாதுவா நகரின் தாவரவியல் பூங்காவுக்குள் நுழைந்தார். 1545இல், மருத்துவ மாணவர்கள் மூலிகைகளை நேரில் பார்த்துப் படிப்பதற்காகத் தொடங்கிய பூங்கா அது. அங்கே 1585இல் நட்ட ஒரு பனை இனத்து மரம் நின்றது. அதன் அடி இலைகள் ஈட்டிபோல ஒற்றையாக இருந்தன. மேலே போகப் போக அவை பிளந்து பிளந்து விசிறியாக விரிந்தன. ஒரே மரத்தில் இலை எப்படி இப்படி மாறுகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1790இல், தாவர உறுப்புகளின் உருமாற்றம் பற்றி ஒரு நூலே எழுதி வெளியிட்டார். அந்த மரம் இன்றும் அவருடைய பெயரால் அழைக்கப்படுகிறது. எத்தனையோ பேர் அதைப் பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்பார்கள். அவர் ஒரு கேள்வியோடு நின்றார்.

இத்தாலிப் பயணத்தில் மாணவர்கள் தவறாமல் போகும் இன்னோர் ஊர் சியெனா. மலைமேல் இருக்கும் சிறிய நகரம். அங்கே நகர மண்டபத்துச் சுவரில் அம்புரோஜியோ லொரென்ஸெத்தி என்ற ஓவியர் 1338, 1339ஆம் ஆண்டுகளில் தீட்டிய பெரிய சுவரோவியம் இருக்கிறது. நல்லாட்சி நடந்தால் நகரமும் நாட்டுப்புறமும் எப்படி இருக்கும் என்பதுதான் அதன் பொருள். நகரத்துக்குள் கடைகள், வீடு கட்டும் கொத்தர்கள், கைகோத்து ஆடுவோர், பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர். நகர வாயிலுக்கு வெளியே வயல்கள், அறுவடை, பாரம் சுமந்து வரும் கழுதைகள். இரண்டையும் இணைத்து ஒரு பாதை ஓடுகிறது. நகரத்துக்குச் சோறு போடுவது எது என்று அந்த ஓவியத்தின் முன் நிற்கும் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சியெனாவில் அந்த ஓவியம் முடிந்து ஐந்தாண்டுகளில், 1344இல், நம் கண்டிக்கு அருகே உடுநுவரையில் இரண்டு பெரும் கோயில்கள் எழுந்தன. கம்பளையைத் தலைநகராகக் கொண்டு நான்காம் புவனேகபாகு ஆண்ட காலம் அது. ஒன்று கடலாதெனிய விகாரை. மற்றது லங்காதிலக விகாரை. அவற்றுக்குப் பக்கத்தில் அதே நூற்றாண்டைச் சேர்ந்த எம்பக்க தேவாலயம். மூன்றும் நம் கல்லூரி வாசலிலிருந்து அரை நாளில் பார்த்துத் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

கடலாதெனிய கருங்கல்லால் ஆனது. அதைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி, தென்னிந்தியர். வாசலில் நின்று தூண்களையும் கூரையையும் பார்க்கும் பிள்ளை, "மிஸ், இது நம்மூர்க் கோயில் மாதிரி இருக்கிறதே" என்று தானாகச் சொல்லும். உள்ளே போனால் புத்தர். லங்காதிலக வேறு மாதிரி. செங்கல்லால் ஆனது, பாறையின் தலையில் நிற்கிறது. ஸ்தபதி ராயர் என்பவர் அதன் சிற்பி. நடுவில் புத்தரும், சுற்றுப்புறத்து மாடங்களில் கணபதி, கந்தகுமாரன், விபீஷணன் முதலிய தெய்வங்களும் இருக்கிறார்கள். அதே கோயில் பாறையில் கல்வெட்டுகள் உள்ளன. கோயிலுக்கு விடப்பட்ட கொடைகளைப் பதிவு செய்பவை. ஒன்று சிங்களத்தில், இன்னொன்று தமிழில்.

அந்தத் தமிழ்க் கல்வெட்டு முழுவதையும் நம் பிள்ளைகளால் வாசிக்க முடியாது. எழுத்து வடிவம் பழையது. இடையே கிரந்த எழுத்துகளும் உண்டு. ஆனாலும் ஒரு 'ட', ஒரு 'ப', ஒரு 'ம' என்று தேடிக் கண்டுபிடிப்பார்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு நான் போன ஒரு முறை, இருபது பேரும் அரை மணி நேரம் அந்தப் பாறையை விட்டு நகரவில்லை. பக்கத்தில் சிங்கள எழுத்தைத் தேடிக்கொண்டிருந்த இன்னொரு பாடசாலைப் பிள்ளைகளும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றாகி, "இது உங்கள் எழுத்தா, எங்கள் எழுத்தா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அறுநூற்றி எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு விகாரையின் கணக்கு இரண்டு மொழியிலும் எழுதப்பட்டது என்பதைப் பாடப்புத்தகத்தில் நான் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்த வரி பரீட்சையோடு மறந்துபோகும். பாறையில் விரல் வைத்து எழுத்துத் தேடிய பிள்ளை மறக்காது.

எம்பக்க தேவாலயம் கந்தனுக்குரியது. சிங்கள மக்கள் கதிர்காமத் தெய்யோ என்பார்கள். அங்கே மேளம் கொட்டும் மண்டபத்து மரத்தூண்களில் உள்ள செதுக்கல்களைப் பிள்ளைகள் படமாக வரைந்து எடுப்பார்கள். கழுத்துகள் பின்னிக்கொண்ட அன்னங்கள், இரட்டைத் தலைப் பறவை, மல்யுத்த வீரர்கள், குழந்தைக்குப் பாலூட்டும் தாய், ஆடும் பெண். கூரையில் இருபத்தாறு கைமரங்களை ஒரே மர ஆணி இறுக்கிப் பிடித்திருப்பதைக் காட்டினால், கணிதப் பிரிவுப் பிள்ளைகள் அண்ணாந்தபடியே நிற்பார்கள்.

இந்தக் கிராமங்களுக்குள் படிப்புப் பயணம் போவது நம் கண்டுபிடிப்பல்ல. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, பாறைகளைத் தேடிக் கண்டிய நாட்டின் கிராமம் கிராமமாக அலைந்தார். தகப்பனார் சேர் முத்துக்குமாரசுவாமி, தாயார் ஆங்கிலேயர். பாறை தேடப் போனவரின் கண் கொல்லர், தச்சர், நெசவாளர், சித்திரகாரர் பக்கம் திரும்பியது. பழைய கட்டடங்கள் கவனிப்பாரற்று அழிவதைக் கண்டு 1905இல் கண்டியப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. அச்சிட்டது 425 பிரதிகள்தான். கண்டியக் கைவினைகளைப் பற்றிப் பேசுவோர் இன்றும் அந்த நூலிலிருந்தே தொடங்குகிறார்கள்.

அந்தப் பயணங்களில் கூடப் போன ஒரு பெண்ணைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவருடைய மனைவி எதெல். அந்த நூலின் நிழற்படங்கள் பலவற்றை எடுத்தவர் அவர். கண்டியத் துணிகளையும் பூவேலைகளையும் கவனித்துக் குறித்துவைத்தார். நெசவு எப்படி நடக்கிறது என்று பார்த்தார். பிற்காலத்தில் எதெல் மெய்ரே என்ற பெயரில் இங்கிலாந்தின் முன்னணிக் கைத்தறி நெசவாளரானார். இயற்கைச் சாயங்கள் பற்றி 1916இல் நூல் எழுதினார். அந்த நாட்டில் கைத்தொழில் வடிவமைப்பாளருக்கு அளிக்கப்படும் அரச கௌரவத்தை 1937இல் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவரே. இத்தாலிக்குப் போன பிரபுக்களின் மகன்கள் கொண்டுவந்ததைவிட, நம் கண்டிக் கிராமங்களிலிருந்து எதெல் கொண்டுபோனது குறைந்ததல்ல.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். தனிநாயகம் அடிகள் 1930களில் உரோமில் மாணவராக இருந்தவர். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளரானார். ஐரோப்பாவுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வியைக் கொண்டுபோனார்: முதன்முதலில் அச்சேறிய தமிழ் நூல்கள் எங்கே இருக்கின்றன? 1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கீச அகராதியின் பிரதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகளின் முயற்சியால் 1966இல் அது கோலாலம்பூரில் மறுபதிப்பானது. உரோமைப் பார்க்க ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் போகிறார்கள். தமிழைத் தேடிப் போனவருக்குத் தமிழ் கிடைத்தது.

இனி நம் மலைகளுக்கு வருவோம். உடுநுவரைக் கோயில்கள் ஒரு நாள் என்றால், தேயிலை இன்னொரு நாள். பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்கியது, 147 ஏக்கர். அங்கே பனைகள் வரிசையாக நிற்கும் சாலை ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை அதைத் தன் ஊர் என்று நினைக்கும். தோட்டத்துப் பிள்ளை முதன்முதலாகப் பனையைத் தொட்டுப் பார்க்கும். தேயிலைச் செடி இந்த நாட்டுக்கு முதலில் வந்ததும் இந்தப் பூங்காவுக்குத்தான், 1824இல். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது. பதினாறு வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த டெய்லர் 1892இல் காலமானார்; கண்டி மஹய்யாவை மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. பெயரும் பணியும் பொறித்த கல்.

அந்த 19 ஏக்கரில் மண் வெட்டியவர்களுக்கும் கொழுந்து பறித்தவர்களுக்கும் பெயர் பொறித்த கல் இல்லை. ஆகவே பயணத்துக்கு முன் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வீட்டுவேலை கொடுப்பேன்: வீட்டில் அல்லது அயலில் உள்ள மிக வயதான பெண்மணியிடம் போய், அவருடைய அம்மாவின் பெயரென்ன, பாட்டியின் பெயரென்ன, எங்கிருந்து, எந்த வழியாக வந்தார்கள் என்று கேட்டு எழுதி வா. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த கதையைச் சிலர் கொண்டுவருவார்கள். நான்கு தலைமுறை எழுதி வரும் பிள்ளையும் உண்டு. ஒரு பெயரோடு நின்றுவிடும் பிள்ளையும் உண்டு. வகுப்பில் எல்லாவற்றையும் சத்தமாக வாசிப்போம்.

இந்தப் பயணத்துக்கு ஒரு முறை ஒரு மாணவியின் தகப்பனார் சம்மதிக்கவில்லை. "கோயில் திருவிழாவென்றால் அனுப்புவேன் மிஸ். பொம்பளைப் பிள்ளையைப் படிப்பு என்று சொல்லிப் பஸ்ஸில் எங்கேயெல்லாம் கொண்டு போவீங்க?" என்றார். அவருடைய பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளையின் அம்மாவையும் கூட அனுப்புங்கள் என்றேன். அம்மா வந்தார். தோட்டத்து ஸ்டோரில் பல ஆண்டு வேலை செய்தவர்.

ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது; 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை, 2001இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. தரைத்தளத்துப் பழைய இயந்திரங்களுக்கு முன்னால் பிள்ளைகள் பெயர்ப்பலகைகளைப் பிரதி செய்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஒரு பழைய ரோலரின் மேல் கையை வைத்து மெதுவாகத் தன் மகளிடம் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற பிள்ளை கேட்டது. பிறகு இன்னும் நான்கு பேர். கொழுந்து சரியாக வாடியதைக் கையில் பிடித்தால் துணிபோல இருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அரைத்த கொழுந்து செம்பு நிறமாகி வாசம் மாறும்போது எப்போது அடுப்புக்கு அனுப்புவது, தூளைச் சலித்துத் தரம் பிரிப்பது எப்படி — அரை மணி நேரம் வகுப்பு நடத்தினார். சிங்களப் பிரிவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அவருடைய மகளே மொழிபெயர்த்துச் சொன்னாள். இரசாயனம் படிக்கும் ஒரு பிள்ளை, ஒட்சியேற்றம் என்று புத்தகத்தில் படித்தது இதுதானா என்று கேட்டது. அந்தப் பெயர் எனக்குத் தெரியாது, வாசம் தெரியும் என்றார் அந்த அம்மா.

அன்றைக்குப் பிறகு அந்த மகள் வகுப்பில் "என் அம்மா ஸ்டோரில் வேலை செய்தவர்" என்று குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். மறு வருடம் தங்கையின் பெயரைப் பதிய அந்தத் தகப்பனாரே கையொப்பமிட்ட தாளோடு வந்தார்.

படிப்புப் பயணத்தை எப்படி நடத்துவது என்று பல ஆசிரியர்கள் என்னைக் கேட்பதுண்டு. என் முறை எளியது. ஒரு நாளைக்கு மூன்று இடத்துக்கு மேல் வேண்டாம். விடிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு எட்டு இடங்களைப் பார்த்து, இரவு பத்து மணிக்குத் தூங்கி விழுந்துகொண்டு திரும்பினால் பிள்ளைக்கு மிஞ்சுவது பஸ்ஸில் போட்ட பாட்டு மட்டும்தான். பாட்டும் இருக்கட்டும், அது இல்லாமல் என்ன பயணம்? ஒவ்வொரு பிள்ளையும் புறப்படுமுன் ஒரு கேள்வியைத் தானே எழுத வேண்டும். ஒரு கொப்பி, ஒரு பென்சில். ஒவ்வோர் இடத்திலும் கைத்தொலைபேசியை எடுக்குமுன் பத்து நிமிடம் வரைய வேண்டும். அழகாக வரையத் தேவையில்லை. வரையும் கைதான் கண்ணை நிறுத்திவைக்கும். திரும்பி வந்து ஒரு வாரத்துக்குள் இரண்டு பக்கம் எழுத வேண்டும். மதியத்துக்கு வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல் போதும். குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். விகாரையோ கோயிலோ, அந்த இடத்து வழக்கப்படி உடுத்து, செருப்பைக் கழற்றி, சத்தம் போடாமல் நிற்கப் பழக வேண்டும். அதுவும் படிப்புத்தான்.

இப்போது என் வேண்டுகோள்.

2022இன் எரிபொருள் நெருக்கடிக்குப் பிறகு பஸ் வாடகை எங்கே போய் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பல பாடசாலைகளில் சுற்றுலா என்றால் காசு கட்டக்கூடியவர்கள் போவார்கள். மற்றவர்கள் அன்றைக்கு "காய்ச்சல்" என்று வீட்டில் நிற்பார்கள். காய்ச்சல் யாருக்கு, காசில்லாதது யாருக்கு என்று வகுப்பாசிரியைக்குத் தெரியும். வீட்டில் நிற்கும் பிள்ளைகளில் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் அதிகம். லங்காதிலகப் பாறையில் தமிழ் எழுத்தைப் பார்க்க வேண்டியவளும், ஹந்தானை ரோலரின் முன்னால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டியவளும் அவள்தான். இந்த மலைநாட்டில் தனக்கு வேர் உண்டா என்று அவளிடம்தான் உலகம் அடிக்கடி கேட்கிறது. அவளுடைய பாட்டனார் பாட்டிமாரின் குடியுரிமையே 1948இல் பறிபோனது. அதைத் தீர்க்க 2003இலும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

நூற்றாண்டு நினைவாக ஒரு வளைவு கட்டலாம், மண்டபத்துக்குக் குளிரூட்டி போடலாம் என்றெல்லாம் யோசனைகள் வந்திருக்கின்றன. எல்லாம் நல்லவைதான். அவற்றோடு ஒரு சிறு நிதியையும் தொடங்குவோம். ஒவ்வோர் ஓகஸ்ட் விடுமுறையிலும் பன்னிரண்டாம் தரப் பிள்ளைகள் எல்லோரும், எந்தப் பாடப் பிரிவானாலும், இரண்டு நாள் படிப்புப் பயணம் போக வேண்டும். எவரிடமும் தனியாகக் காசு வாங்கக்கூடாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் அந்த நிதியிலேயே போகட்டும். அப்போதுதான் யார் இலவசம் என்ற பேச்சு எழாது. வரத் தயங்கும் வீடுகளிலிருந்து அம்மாமாரையும் அழைப்போம். பஸ்ஸில் ஐந்து இருக்கை அவர்களுக்கு. பிள்ளைகள் எழுதிய கொப்பிகளைக் கட்டி நூலகத்தில் வைப்போம். அடுத்த வருடத்துப் பிள்ளைகள் அவற்றை வாசித்துவிட்டுப் புதிய கேள்வியோடு புறப்படட்டும்.

காசு அனுப்ப முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. நம்மிடையே தாவரவியல் படித்தவர்கள், கட்டடக் கலைஞர்கள், தோட்ட வைத்தியசாலையில் பணிபுரிந்தவர்கள் இருக்கிறீர்கள். ஆண்டில் ஒரு நாள் பிள்ளைகளோடு வாருங்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் சென்னையிலும் மிலானிலும் இந்த மலரை வாசிக்கும் தங்கையரே, நீங்கள் வாழும் ஊரில் ஒரு சுவரையோ மரத்தையோ சந்தையையோ பத்து நிமிடம் நின்று பார்த்து, ஒரு பக்கம் எழுதி, நம் நூலகத்துக்கு அனுப்புங்கள். சியெனாவின் சுவரோவியத்தைப் பற்றி நம் அக்கா ஒருத்தி எழுதியதை வாசித்த பிள்ளை, உடுநுவரையில் நிற்கும்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்.

இந்த நிதிக்கு என் ஓய்வூதியத்தில் ஒரு மாதப் பணத்தைச் செயலாளரிடம் இன்று காலை கொடுத்துவிட்டேன். பற்றுச்சீட்டின் இலக்கம் 1. இரண்டாம் இலக்கத்துக்கு யார் முந்துகிறீர்கள் என்று தேநீர் இடைவேளையில் பார்ப்போம்.